கூறும் குடிமுறையும்: மணவாளக்குறிச்சிப் பகுதியை முன்வைத்துப் பன்றியிறைச்சியின் முழுவுடற் சமையல்

ஆய்வுச்சுருக்கம்

விலங்கின் எந்த உறுப்பையும் வீணாக்காமல் உணவாக்கும் முறை அண்மைக்காலத்தில் மேலைநாட்டு உணவகங்களின் புதுநெறியாகப் பேசப்படுகிறது. தமிழ்ச் சூழலில் இம்முறைக்குப் பன்றியிறைச்சி சார்ந்து பழைய இலக்கியச் சான்றுகளும் இன்றைய வழக்காற்றுச் சான்றுகளும் உள்ளன. ஆயினும் தமிழ் உணவுப் பண்பாட்டு ஆய்வுகளில் பன்றியிறைச்சி போதிய இடம் பெறவில்லை. சங்க இலக்கியம், பெரியபுராணம் ஆகியவற்றின் சான்றுகளையும், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிப் பகுதியில் வழங்கும் ‘கூறு’ வைக்கும் முறையையும் இக்கட்டுரை ஒருங்கே நோக்குகிறது. முழுவுடற் சமையல் சிக்கனத்தால் மட்டும் தோன்றுவதன்று. பகிர்வு முறையால் நிலைபெறுவது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: பன்றியிறைச்சி, முழுவுடற் சமையல், கூறு, குடிமுறை, உணவுப் பண்பாடு, கன்னியாகுமரி மாவட்டம்.

1. முன்னுரை

இலண்டனில் 1994ஆம் ஆண்டு செயின்ட் ஜான் என்னும் உணவகத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான பெர்கசு எண்டர்சன், 1999இல் வெளியிட்ட தம் சமையல் நூலில் ‘மூக்கு முதல் வால் வரை’ உண்ணுதல் என்னும் தொடரைப் பரவலாக்கினார். தலை, காது, கால், குடல், ஈரல், எலும்பு மச்சை ஆகியவற்றையும் உணவாகக் கருதும் இந்நெறி, கொன்ற விலங்குக்குச் செய்யும் மரியாதை என விளக்கப்பட்டது. பொதியிடப்பட்ட சதைத் துண்டுகளையே இறைச்சியென அறிந்த நகர மக்களுக்கு அது புதுமையாகத் தோன்றியது.

தமிழர்க்கு இது புதிதன்று. ஆட்டின் தலைக்கறி, குடல் குழம்பு, இரத்தப் பொரியல், கால் சாறு ஆகியவை தமிழகமெங்கும் அறியப்பட்ட உணவுகள். ஆனால் ஆட்டைப் பற்றி இயல்பாகப் பேசும் நம் உணவு ஆய்வு, பன்றியை அணுகும்போது தயங்குகிறது. சங்கப் பாடல்களில் வரும் பன்றியைத் தினைப்புனத்தின் பகையாகவும் உவமைப் பொருளாகவும் விரிவாக ஆராய்ந்த அளவுக்கு, அதனை உணவாக ஆராய்ந்ததாகக் கூறவியலாது. இத்தயக்கத்தின் பின்னால் சமூக மதிப்பீடு ஒன்று உள்ளது. அதனைக் கருத்திற்கொண்டே இக்கட்டுரை தன் பொருளை எடுத்துக்கொள்கிறது.

2. களமும் அணுகுமுறையும்

மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாவட்டக் கல்குளம் வட்டத்தின் கடலோரப் பேரூர். அருமணல் ஆலையால் பலரும் அறிந்த ஊர். மேற்கே மண்டைக்காடும் குளச்சலும், கிழக்கே கடியபட்டணமும் முட்டமும் அமைந்துள்ளன. நாஞ்சில் நாடு என்னும் பெயர் இன்று மாவட்டம் முழுவதையும் குறிக்க வழங்கினும், வரலாற்று நோக்கில் அது தோவாளை, அகத்தீசுவரம் பகுதிகளையே சுட்டும். கல்குளமும் விளவங்கோடும் வேணாட்டு மரபினை மிகுதியும் உடையவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் இம்மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணையும் வரை இவை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்தன. ஆகவே இப்பகுதியின் சமையலில் தமிழ்க் கூறுகளும் மலையாளக் கூறுகளும் கலந்தே காணப்படுகின்றன.

இக்கடற்கரையில் 1544இல் பிரான்சிசு சவேரியார் ஆற்றிய சமயப்பணியும், 1806இல் இரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய சீர்திருத்தத் திருச்சபைப் பணியும் மாவட்டத்தின் சமய அமைப்பை மாற்றின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறித்தவர். பன்றியிறைச்சி இம்மாவட்டத்தில் கிறித்துமசு, உயிர்ப்புத் திருநாள், திருமண வீடு ஆகியவற்றோடு தொடர்புற்றிருப்பதற்கு இது ஒரு காரணம். எனினும் பன்றியுணவு கிறித்தவத்தோடு வந்தது எனக் கொள்வது பிழையாகும். தென்மாவட்டச் சுடலைமாடன் கோயில் கொடைவிழாக்களில் ஆடு, கோழியுடன் பன்றியும் பலியிடப்படுவது இதற்குச் சான்று.

இக்கட்டுரையின் வழக்காற்றுச் செய்திகள் கட்டுரையாளர் மணவாளக்குறிச்சிப் பகுதியில் கண்டும் கேட்டும் அறிந்தவை. மாவட்டம் முழுமைக்குமான பொதுமுடிபுகள் ஆகா. இலக்கியச் சான்றுகளுக்கும் இன்றைய வழக்குகளுக்கும் இடையே அறுபடாத தொடர்ச்சி உண்டென்றும் இங்கு வாதிடவில்லை. இருவகைச் சான்றுகளையும் அருகருகே வைத்து, முழுவுடற் சமையலுக்குத் தேவையான சமூக ஏற்பாடு யாது என வினவுவதே நோக்கம்.

3. இலக்கியச் சான்றுகள்

3.1 பெயரீடு

தொல்காப்பிய மரபியல் பன்றியின் இளமைப்பெயராகக் ‘குருளை’ என்பதையும், பெண்பாற்பெயராகப் ‘பிணவு’ என்பதையும், ஆண்பாற்பெயராக ‘ஏறு’ என்பதையும் வகுத்துரைக்கிறது. பன்றி, ஏனம், கேழல் என விலங்கின் பெயர்களும் பல. ஒரு விலங்கை வயதாலும் பாலாலும் பிரித்துப் பெயரிடுவது, அதனை அணுக்கமாக அறிந்த சமூகத்தின் இயல்பு. இப்பெயர்களின் வழக்கில் இழிவுக்குறிப்பு எதுவும் இல்லை என்பது கருதத்தக்கது.

3.2 தீனி

பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை தரும் சான்று இப்பொருளில் முதன்மையானது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய அந்நூலில், கடற்கரைப் பட்டினத்தில் கள் அடும் மகளிரின் முற்றம் காட்டப்படுகிறது. கள் வட்டில்களைக் கழுவிய நீர் வழிந்து குழம்பிய சேற்றில் குட்டிகள் பலவும் ஆடித் திரிகின்றன. அங்கு ஆண்பன்றி ஒன்று, பிணவோடு சேரவிடாமல் பிரித்து, நெல்லை இடித்த மாவை ஊட்டி, பல நாள் குழியில் நிறுத்திக் கொழுக்க வைக்கப்படுகிறது. அதன் கொழுத்த தசையைக் கள்ளோடு பெறலாம் எனப் பாணன் ஆற்றுப்படுத்தப்படுகிறான்.

இப்பகுதியில் மூன்று செய்திகள் நோக்கத்தக்கன. முதலாவது, இது வேட்டைப்பன்றி அன்று, வளர்ப்புப்பன்றி. இரண்டாவது, அதன் தீனி, இடம், இணைசேர்க்கை ஆகிய மூன்றும் மனிதரால் கட்டுப்படுத்தப்படுகின்றன. இணைசேரும் முதிர்ந்த ஆண்பன்றியின் இறைச்சியில் ஒருவகை வீச்சம் மிகுவதை இன்றைய கால்நடையியல் விளக்குகிறது. பிணவினின்று பிரித்து வளர்த்தல் என்னும் குறிப்பு, இறைச்சியின் தரம் பற்றிய பட்டறிவைக் காட்டுவதாகக் கொள்ள இடமுண்டு. மூன்றாவது, கள் அடும் தொழிலின் கழிவுநீர் படியும் முற்றத்திலேயே பன்றி வளர்கிறது. அதாவது, ஒரு தொழிலின் மிச்சம் மற்றொன்றுக்கு இடமாகிறது. முழுவுடற் சமையலின் சிக்கனம் அடுப்பில் தொடங்குவதில்லை, தீனியிலேயே தொடங்குகிறது.

3.3 பகிர்வு

நற்றிணை 336ஆம் பாடல் வேட்டைச் சூழலைக் காட்டுகிறது. தினையைப் பிணவோடு வந்து மிகுதியாகக் கவர்ந்த பன்றியைக் கானவன் வில்லால் வீழ்த்திக் கொணர்கிறான். மனையோள் அதனை அறுத்துக் ‘குடிமுறை’ பகுக்கிறாள். கொன்றவன் ஆண், பகுப்பவள் பெண். பகுப்பதற்கு ஒரு முறை உண்டு. அம்முறையின் அலகு தனி ஆள் அன்று, குடி. வீட்டுக்கு வந்த இறைச்சி வீட்டுக்குரியதாக மட்டும் இருப்பதில்லை என்பதே இப்பாடல் தரும் செய்தி.

சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கண்ணப்பர் வரலாறு வேறொரு பகிர்வைக் காட்டுகிறது. திண்ணனார் தாம் வீழ்த்திய பன்றியின் தசையைத் தீயில் காய்ச்சி, வாயிலிட்டுச் சுவை பார்த்து, நல்லவற்றைத் தேர்ந்து தேக்கிலையில் இட்டுக் காளத்திநாதர்க்குப் படைக்கிறார். சிவகோசரியார்க்கு அருவருப்பாகத் தோன்றிய அப்படையலை இறைவன் ஏற்றதே அவ்வரலாற்றின் மையம். பன்றியிறைச்சி தூய்மை–தீட்டு என்னும் விவாதத்துக்குள் வந்துவிட்ட காலத்தின் சான்றாக இதனைக் காணலாம்.

பெரும்பாணாற்றுப்படையில் விருந்தினர்க்கும், நற்றிணையில் சுற்றத்தார்க்கும், பெரியபுராணத்தில் இறைவனுக்கும் பன்றியிறைச்சி வழங்கப்படுகிறது. பெறுவோர் வேறுபடினும், மூன்றிடத்தும் அது பிறர்க்கு அளிக்கப்படும் உணவாகவே அமைகிறது.

4. தோல் உரிக்கப்படாத விலங்கு

ஆட்டின் தோல் உரிக்கப்பட்டுத் தோல் தொழிலுக்குச் செல்கிறது. பன்றியின் தோலோ பெரும்பாலும் இறைச்சியோடு சமையலுக்கே செல்கிறது. இந்த ஒரு வேறுபாடே பன்றிச் சமையலின் தனித்தன்மைக்கு அடிப்படை.

தோலை வைத்துக்கொள்ள வேண்டுமாயின் மயிரை நீக்கவேண்டும். இதற்கு இரு வழிகள் உள. ஒன்று, தீயில் வாட்டுதல். மலைபடுகடாம், மலைவழியில் இறந்து கிடக்கும் ஏனத்தைக் கண்டால், உலர்ந்த மூங்கில் உராய்ந்து எழுந்த தீயில், புகைநாற்றம் படாதவாறு மயிர் போக வதக்கி உண்டு செல்லுமாறு கூத்தர்க்கு வழிகாட்டுகிறது. புகை படாமை வேண்டும் என்ற குறிப்பு, தீயின் தன்மை இறைச்சியின் சுவையைத் தாக்கும் என்ற அறிவைப் புலப்படுத்துகிறது. நாட்டுப்பன்றியைக் காய்ந்த ஓலை கொண்டு வாட்டிக் கத்தியால் சுரண்டும் முறையும் இதனை ஒத்ததே. மற்றொன்று, வெந்நீர் ஊற்றிச் சுரண்டுதல். பண்ணையில் வளரும் வெண்பன்றிக்கு இம்முறையே ஏற்றது. நீரின் வெப்பம் 60 முதல் 65 பாகை செல்சியசு வரை இருத்தல் வேண்டும். மிகுந்தால் மயிர் தோலோடு இறுகிவிடும். வாட்டிய தோலுக்குச் செந்நிறமும் தனி மணமும் உண்டு. வெந்நீரில் சுரண்டிய தோல் வெளிறியிருக்கும். முதியோர் சிலர் இன்றைய இறைச்சியில் ‘பழைய மணம்’ இல்லை என்று கூறுவதற்கு இனவேறுபாட்டோடு இம்முறை மாற்றமும் காரணமாகலாம்.

தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சேர்ந்த துண்டு மெதுவாக வேகவேண்டும். தோலிலுள்ள நார்ப்புரதம் நீண்ட நேரம் ஈரவெப்பத்தில் கூழாக மாறுகிறது. கொழுப்பு உருகி வெளிவருகிறது. மணவாளக்குறிச்சிப் பகுதியில் பன்றியிறைச்சிப் பிரட்டலுக்கு எண்ணெய் மிகக் குறைவாகவோ, ஊற்றாமலோ சமைப்பதற்கு இதுவே காரணம். மஞ்சள், உப்பு, இஞ்சி, பூண்டு, உள்ளி, நல்லமிளகு ஆகியவற்றோடு வேகவைத்த இறைச்சி, நீர் வற்றியபின் தன் நெய்யிலேயே வறுபடுகிறது. இங்கு நல்லமிளகு என்பது மிளகைக் குறிக்கும். உள்ளி என்பது சிறிய வெங்காயம். எலும்புத் துண்டுகள் தேங்காயை வறுத்தரைத்த குழம்புக்குச் செல்கின்றன. துணையுணவு அவித்த மரச்சீனிக்கிழங்கு. 1880–1885 காலத்தில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் ஊக்குவித்து, திருவிதாங்கூரில் எளியோரின் உணவாகிய கிழங்கு அது. கொழுப்பு மிக்க கறியின் சாற்றை மாவுப்பண்பு மிக்க கிழங்கு ஈர்த்துக்கொள்வதால் இவ்விணை பொருத்தமாக அமைகிறது.

5. கூறு: சமப் பகிர்வும் அதன் எச்சமும்

கடலோரத்தில் அன்றாட உணவு மீன், இறைச்சி திருநாளுக்குரியது. குளிர்பதனம் பரவாத காலத்தில் ஒரு பன்றியின் இறைச்சியை ஒரு குடும்பம் தனித்து உண்டு முடித்தல் இயலாது. எனவே பல குடும்பங்கள் பணம் சேர்த்து ஒரு பன்றியை வாங்கி அறுத்துப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் உருவாயிற்று. பங்கு ஒவ்வொன்றும் ‘கூறு’ எனப்படும். விற்கும் மீனையும் சிறு குவியல்களாகக் கூறு வைப்பதுண்டாதலின், கடற்கரை மக்களுக்கு இச்சொல் மிகப் பழகியது.

கூறு வைத்தலின் விதி எளியது. எடைக்கல் தேவையில்லை. ஓலையின்மேல் குடும்ப எண்ணிக்கைக்கேற்பக் குவியல்கள் இடப்படும். ஒவ்வொரு குவியலிலும் சதை, எலும்பு, கொழுப்பு, தோல், ஈரல் ஆகிய அனைத்திலும் சிறிதளவு இருத்தல் வேண்டும். ஒரு கூறு மற்றொன்றினும் மேம்பட்டதென எவரும் சொல்ல இடமிராது. இதன் விளைவு சமையலறையில் தெரிகிறது: கூறு பெற்ற வீட்டுக்கு எல்லா உறுப்பும் வந்து சேர்வதால், எல்லா உறுப்பையும் சமைக்கும் திறனும் அவ்வீட்டில் இருந்தாகவேண்டும். ஈரல் விரைவில் வேகும். நேரம் மிகுந்தால் கடினமாகும். தோல் நெடுநேரம் வேண்டும். எலும்பு குழம்புக்கு. ஒரு கூறு பல சமையல்களாகப் பிரிகிறது. முழுவுடற் சமையல் இங்கு ஒரு கொள்கையன்று, பங்கீட்டின் நேர்விளைவு.

எனினும் கூறு முழுமையான சமத்துவம் உடையதெனக் கொள்வதற்கில்லை. தலை, கால், குடல் ஆகியவை சமமாகப் பிரிக்க இயலாதவை. தூய்மை செய்ய நெடுநேரம் பிடிப்பவை. இவை பெரும்பாலும் அறுப்பவருக்குக் கூலியின் ஒரு பகுதியாகவோ, குறைந்த விலைக்கோ செல்லும். குடலைப் புறந்திருப்பி உப்பும் மஞ்சளும் இட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவுதல், தலையைப் பிளந்து நெடுநேரம் அவித்தல் முதலிய கடினமான நுட்பங்கள், தேர்வுரிமை குறைந்தோர் வீடுகளிலேயே வளர்ந்தன. மூக்கு முதல் வால் வரை உண்ணுதலை மரியாதையின் வெளிப்பாடாகப் பேசும் இன்றைய எழுத்துகள் இவ்வுண்மையைக் காண்பதில்லை. விரும்பி உண்பவரும் வேறு வழியின்றி உண்பவரும் ஒரே உறுப்பை உண்ணலாம். அச்செயல்களின் சமூகப் பொருள் ஒன்றாகாது.

6. பிற வட்டாரங்களோடு ஒப்பீடு

உள்ளுறுப்புகள் எச்சமாகக் கருதப்படுவது எங்கும் நிகழ்வதன்று. கோவாக் கத்தோலிக்கரின் ‘சொர்பொத்தேல்’, போர்த்துகீசியச் ‘சரபத்தேல்’ என்னும் உணவிலிருந்து வந்தது. ஈரல், இதயம் முதலியவற்றைச் சிறுதுண்டுகளாக்கி வினிகரும் மிளகாயும் சேர்த்துச் சமைக்கப்படும் அது, திருமணத்துக்கும் கிறித்துமசுக்கும் உரிய முதன்மை உணவு. சில நாள் வைத்திருந்து உண்டால் சுவை மிகும் என்பர். மேகாலயக் காசி மக்களிடம் பன்றியிரத்தம் சேர்த்துச் சமைத்த சோறு ‘சாடோ’ என்றும், தலைக்கறியை வெங்காயம், இஞ்சி சேர்த்துக் கலந்தது ‘தோகிளே’ என்றும், கருஎள் சேர்த்த உள்ளுறுப்புக் கறி ‘தோசெம்’ என்றும் வழங்கும். குடகில் ‘பந்திக் கறி’ கோக்கம்புளி இனத்துப் பழச்சாற்றைக் காய்ச்சிய கச்சம்புளியோடு அமைகிறது. பிலிப்பைன்சின் ‘தினுகுவான்’ பன்றியிரத்தமும் வினிகரும் சேர்ந்தது.

இவ்வொப்பீட்டில் இரு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, புளிப்பு. கோவாவிலும் குடகிலும் பிலிப்பைன்சிலும் கொழுப்பின் திகட்டலைத் தணிக்கவும் கறியைக் கெடாமல் காக்கவும் புளிப்பு பயன்படுகிறது. மணவாளக்குறிச்சிப் பகுதியில் அவ்விடத்தை மிளகின் காரமே பெரிதும் நிரப்புகிறது. அன்றே பங்கிட்டு அன்றே சமைத்து உண்ணும் கூறு முறையில் நாள்பட வைக்கும் தேவை குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

மற்றொன்று, பெயர். கோவாவிலும் மேகாலயத்திலும் உள்ளுறுப்பு உணவுகளுக்குத் தனிப்பெயர்கள் உள்ளன. அவை விருந்தின் நடுவே வைக்கப்படுகின்றன. மணவாளக்குறிச்சிப் பகுதியில் ஈரல் பிரட்டல், குடல் குழம்பு என உறுப்பும் செய்முறையும் இணைந்த விளக்கப்பெயர்களே வழங்குகின்றன. அப்பெயர்களும் ஆட்டுக்கும் பன்றிக்கும் பொதுவானவை. தனிப்பெயர் பெற்ற உணவு ஒரு சமூகத்தின் அடையாளமாகிறது. பெயர் பெறாதது வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

7. இழிவும் நோயச்சமும்

பெயரின்மைக்குக் காரணம் சுவையன்று, இழிவு. பன்றி வளர்ப்பு, ஒடுக்கப்பட்ட சில சமூகங்களின் மேல் சுமத்தப்பட்ட அடையாளமாக்கப்பட்டதும், விலங்கின் பெயர் வசைச்சொல்லானதும் அறிந்தவை. இசுலாமியர் சமய நெறியால் இதனை விலக்குவது வேறு. ஒருவர் உண்பதைக் கொண்டு அவரை இழிவாகக் கருதுவது வேறு. முன்னது தம் உணவு பற்றிய தெரிவு. பின்னது பிறர் பற்றிய தீர்ப்பு. உண்பவரே வெளியில் சொல்லக் கூசும் உணவைப் பற்றிய சொற்கள் அச்சேறுவதில்லை. அச்சேறாத சொற்கள் ஆய்வாளர்க்கு எட்டுவதில்லை.

நோயச்சத்திற்கு அடிப்படை உண்டு. மனிதக் கழிவை உண்டு திரியும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் கூடுகள் அமையலாம். அரைவேக்காட்டு இறைச்சியால் அப்புழு மனிதக் குடலை அடைகிறது. மூளையைத் தாக்கும் நோயோ இறைச்சியால் நேரடியாக வருவதன்று. மனிதக் கழிவின் வழியாகப் பரவும் புழுமுட்டைகள் உணவிலும் நீரிலும் கலப்பதால் வருவது. எனவே இங்குக் குற்றம் விலங்கினுடையதன்று, கழிப்பிட வசதியின்மையினது. அடைத்து வைத்து நெல்மா ஊட்டிய பெரும்பாணாற்றுப்படைப் பன்றி இவ்வகையிலும் நினைக்கத்தக்கது. மேலும், 2020இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல், மனிதரைத் தாக்காதெனினும், வேகவைக்காத உணவுக்கழிவின் வழியாகப் பன்றிகளிடையே பரவக்கூடியது. காடியும் வீட்டு மிச்சமும் ஊட்டி வளர்த்த பழைய சுழற்சிமுறை இனி அவ்வாறே தொடர இயலாது. மிச்சத்தைக் கொதிக்கவைத்தே ஊட்டவேண்டும்.

8. முடிவுரை

தமிழ்ச் சான்றுகளில் பன்றியிறைச்சி விருந்தினர்க்கும் சுற்றத்தார்க்கும் தெய்வத்துக்கும் பகிரப்பட்ட உணவாக அமைந்துள்ளது. நற்றிணையின் ‘குடிமுறை’யும் மணவாளக்குறிச்சிப் பகுதியின் ‘கூறு’ம் ஒன்றெனக் கூறவியலாது, ஆயினும் முழு விலங்கை முழுமையாக உண்பதற்குப் பலர் கூடிப் பிரித்துக்கொள்ளும் முறை வேண்டும் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

இன்று இறைச்சி கடையில் எடைபோட்டு விற்கப்படுகிறது. எலும்பில்லாத சதையை மட்டும் கேட்டு வாங்க முடிகிறது. வேண்டாத உறுப்பு வீட்டுக்கு வருவதில்லை. அதனால் இழிவின் சுமை ஓரளவு குறைந்திருக்கலாம். அதே வேளையில், எல்லா உறுப்பையும் சமைத்த கைகளின் அறிவும், அவற்றுக்குரிய சொற்களும், எவருக்கும் குறையாதபடி குவியல் வைத்த கண்ணின் அளவும் ஒருங்கே மறைகின்றன. பன்றியின் உறுப்புப்பெயர்கள், அறுக்கும் முறை, வாட்டும் எரிபொருள், கூறு வைக்கும் வரிசை, உறுப்புதோறும் சமையல் ஆகியவற்றை வட்டாரந்தோறும் தொகுப்பது உடனடிப் பணியாகும். இவற்றை அறிந்தவர்கள் பெரும்பாலும் முதிய பெண்களும், அறுப்புத் தொழிலில் இருந்தவர்களும் ஆவர். அவர்கள் கூசாமல் பேசத்தக்க முறையில் வினவ வேண்டிய பொறுப்பு ஆய்வாளருடையது.